வாங்கிக்கொள்ள ஓர் ஆள்

சித்தப்பா கால்களைப் பிடித்துக்கொண்டார், மகள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். அப்பா கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறினார். செத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வாழ்நாள் முழுக்க யார் சொல்லுக்கும் வளையாத மனுஷன் இன்றைக்குத்தான் சொன்னபடி வளைந்தார். அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். விறைப்பதற்குள் அதிகாரி வந்துபோக வேண்டும்.

"தாடை தொங்குதேம்மா."

"அந்த மப்ளரை எடுங்க."

மப்ளரைத் தாடைக்கு அடியில் கொடுத்து உச்சியில் முடிச்சிட்டாள். கண் ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்த கறுப்புக் கண்ணாடியையும் மாட்டினாள். சித்தப்பா தள்ளி நின்று பார்த்தார்.

"உயிரோட இருந்தப்பகூட அண்ணன் இவ்வளவு லட்சணமா உட்கார்ந்ததில்ல."

"சிரிக்காதீங்க சித்தப்பா."

"நான் எங்க சிரிச்சேன்? என் மூஞ்சியே அப்படித்தான்," என்றவர் துண்டால் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டார்.

மகளுக்கு மண் ஆய்வு அலுவலகத்தில் வேலை. வட்டாரம் முழுவதையும் வரைபடத்தில் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் மண்ணெடுத்து, எங்கே நஞ்சு, யாருக்கு ஆபத்து என்று சொல்வது அந்த அலுவலகத்தின் தொழில். அங்கே ஒரு விதி உண்டு. ஒரு நிலம் ஆபத்தானது என்று சொல்ல மூன்று வேண்டும்: நஞ்சு, அது நடந்துவர ஒரு வழி, வந்ததை வாங்கிக்கொள்ள ஓர் ஆள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்த மண் பத்தரைமாற்றுத் தங்கம். ஆபத்து என்று வாசல் தூணில் சிவப்பு அடித்தால் லாரி வந்து மண்ணை அள்ளிக்கொண்டு போகும். பச்சை அடித்தால் பத்து வருஷத்துக்கு யாரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள்.

அப்பாவின் தெருவில் நஞ்சுக்குப் பஞ்சமில்லை. மூடிப்போன பேட்டரி ஆலையின் சாம்பல் அத்தனையும் அங்கேதான் கிடந்தது. அந்த மண்ணைக் கிளறி வளர்ந்த கோழியின் முட்டை ஒன்று கைதவறி விழுந்து சித்தப்பாவின் கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. முட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆளுக்குத்தான் பஞ்சம். வீடு வீடாகப் பூட்டிக்கொண்டு போய், கடைசியில் மிஞ்சியவர் அந்த ஆலையிலேயே ஈயம் உருக்கிய அப்பா ஒருவர்தான்.

அவரும் கிளம்பத்தான் இருந்தார். பெட்டிகூடக் கட்டியாயிற்று. மகள்தான் தடுத்தாள். அவள் வீடு பள்ளத்தில், பக்கத்துக் கட்டத்தில். மழை பெய்தால் சாம்பல் கரைந்து அவள் கிணற்றுக்குத்தான் இறங்கும். ஐந்து வயதுப் பேத்தியின் ரத்தத்தில் ஈயம் வந்துவிட்டது. பென்சில் பிடித்தால் விரல் ஆடியது. ஆனால் பள்ளத்துக் கட்டத்தில் மண் சுத்தம், அதனால் அது பச்சை. கிணற்றுத் தண்ணீரைப் பார்ப்பது வேறு அலுவலகம். அந்த அலுவலகமோ, மேலே இருக்கிற மண்ணை முதலில் பாருங்கள் என்று திருப்பி அனுப்பியது.

"நீங்களும் போயிட்டா இந்தக் கட்டம் காலிப்பா. ஆளில்லாத இடம்னு பச்சை அடிச்சிடுவாங்க. சரிபார்க்க வர்ற வரைக்கும் இருங்க."

"அப்போ நான்தான் அந்த வாங்கிக்கிற ஆளா?" அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, கை உதறலில் டீ பாதி சட்டையில் கொட்டியது. "சரி, பேத்திக்காக வாங்கிக்கிறேன் போ," என்று பெட்டியைப் பிரித்தார்.

மூன்று மழைக்காலம் வாங்கிக்கொண்டார். இன்றைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து சரிபார்ப்பு அதிகாரி வருகிறார் என்று காலையில் சவரம்கூடச் செய்துகொண்டார். அப்புறம் கட்டிலில் சாய்ந்தவர்தான்.

ஜீப் வந்து நின்றது. அதிகாரி நல்ல மனுஷர். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார், கீழே மண்ணைப் பார்த்தார், மறுபடி மாட்டிக்கொண்டார்.

"வணக்கம் பெரியவரே!"

"காது கேட்காது சார்," என்றாள் மகள். "கண்ணும் ஆபரேஷன் ஆனது. வெளிச்சம் ஆகாது."

"பாவம், தொந்தரவு வேண்டாம். ஆள் இருக்கார்ல, அது போதும். எத்தனை வருஷமா இங்க?"

"நாற்பது இருக்கும் சார்."

சித்தப்பா டீ கொண்டுவந்தார். அதிகாரி டம்ளரைப் பார்த்தார். "இந்தத் தண்ணியிலயா போட்டீங்க?" என்று கேட்டு, அதை மெதுவாகத் தள்ளிவைத்துவிட்டு, பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்துக் குடித்தார். பிறகு அப்பாவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"பாதிப்பை நேர்ல பார்க்கணும்னு இப்போ புது உத்தரவு மேடம். இருமல், நடுக்கம், இந்த மாதிரி. ஆள் இருந்தா மட்டும் போதாதாம்."

அதிகாரி பார்த்தார். அப்பா ஒத்துழைத்தார். இருமவில்லை. கை ஆடவில்லை. மூக்கில் வந்து உட்கார்ந்த ஈயைக்கூடப் பொருட்படுத்தவில்லை. தெருமுனையில் நின்றாலே இருமலை வைத்து வீட்டைக் கண்டுபிடிக்கலாம் என்று பேரெடுத்தவர்.

"எப்பவும் இருமுவார் சார். ராத்திரி பகலா இருமுவார். டம்ளரைப் பிடிக்க முடியாது அவரால."

"ம்."

சமையலறைத் திரைக்குப் பின்னாலிருந்து பலமாக ஒரு இருமல் கேட்டது. அதிகாரி திரும்பினார்.

"யார் அது?"

"எங்க சித்தப்பா சார்."

"இந்தத் தெருவா?"

"இல்ல சார்... வந்துபோறவர்."

"அப்போ அந்த இருமல் கணக்குல வராதும்மா."

சித்தப்பா உள்ளே மேலும் ஒருமுறை இருமிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அதிகாரி தன் வலது கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் லேசாக ஆடின. "பாருங்க, எனக்கு இவர் வயசுல பாதி. எனக்கே சர்க்கரை, நடுக்கம். நாற்பது வருஷம் இந்த மண்ணுல இருந்துட்டு இவர் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கார். இதுக்கு எப்படி நான் சிவப்பு அடிக்கிறது?"

"சார், அவர்..."

செத்துவிட்டார் என்றால் கட்டம் காலி. உயிரோடிருக்கிறார் என்றால் கட்டம் சுகம்.

"சொல்லுங்க மேடம்."

"அவர் அதிகம் பேச மாட்டார் சார்."

"அதான் இவ்வளவு ஆரோக்கியம்," என்றார் அதிகாரி. எழுந்து அப்பாவின் தோளில் தட்டினார். தலை கொஞ்சம் சாய்ந்தது. "தூங்கட்டும், தூங்கட்டும். நூறு வயசு இருப்பீங்க பெரியவரே."

வெளியே போய், ஜீப்பிலிருந்து டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்து, வாசல் தூணில் தானே பட்டையாக அடித்தார். நிறைய அடித்தார், வழிந்தது. ஜீப் திரும்பிப் போனது.

சித்தப்பா திரையை விலக்கிக்கொண்டு வந்தார். அப்பாவின் முன்னால் குந்தி, மப்ளர் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தார்.

மகள் போனை எடுத்து அமரர் வண்டிக்காரரைக் கூப்பிட்டாள். பேட்டரி ஆலைக்குப் பின்னால் உள்ள தெரு என்று வழி சொன்னாள்.

"அங்க எல்லா வீடும் பூட்டித்தானே கிடக்கு? எதுன்னு வர்றது?"

அவள் வாசலை எட்டிப்பார்த்தாள்.

"தூண்ல பச்சைப் பெயிண்ட் இருக்கும்," என்றாள். "இன்னும் காயல. தூக்கிட்டுப் போறப்ப ஒட்டாம பார்த்துக்கங்க."