கருகாத நாற்று

நிந்தவூரில் கடலுக்கு மிகக் கிட்டக் கிடக்கும் அந்த வயலை, வாப்பா மௌத்தானபோது மூத்த மகள் றுமானாவுக்கும் இளைய மகன் இன்ஷாபுக்குமாக விட்டுப்போனார். வாய்க்கால் வழியாகக் கடல்நீர் ஏறி மண் உவர்த்துப் போனதிலிருந்து அங்கே விதைத்ததெல்லாம் கருகிற்று. மண் கொட்டி நிரப்பிக் கல்யாண மண்டபம் கட்டுவோம் என்று இன்ஷாப் ஒற்றைக் காலில் நின்றான். “இந்தத் தரமும் கருகினா நிரப்பு. நான் வாய் திறக்க மாட்டன்” என்று றுமானா வாக்குக் கொடுத்தாள்.

உவர் தாங்கும் நெல்லாகத் தேடிப்பிடித்து வாங்கி, முளைகட்டி, ஊர் வழக்கப்படி வீசி விதைத்தாள். முளை பொங்கிக்கொண்டு வந்தது. அதில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். உவர் முளையை அவ்வளவாகத் தொடாது. இரண்டு மூன்று இலை விட்ட பிறகுதான் கழுத்தைப் பிடிக்கும். இம்முறையும் பிடித்தது. நடுவயல் வைக்கோல் நிறமாயிற்று. வரம்போரம் மட்டும் பச்சை அடர்ந்து நின்றது. என்ன திமிர் அதற்கு!

வயல் கருகிய செய்தி எட்டியதும் இன்ஷாப் மண் ஏற்றிய டிப்பரோடு வந்து இறங்கினான். ஓட்டி வந்தவன் தம்பிலுவில் ஊர்க்காரன் சுஜிந்தன். றுமானா முழங்கால் சேற்றில் குனிந்து, வரம்போர நாற்றைப் பிடுங்கி நடுவயலில் நட்டுக்கொண்டிருந்தாள்.

“என்ன விளையாட்டு ராத்தா இது?” என்றான் தம்பி. “ எங்கட ஊரில ஆரு நாத்து நடுற? விதைக்கிறதுதானே வழக்கம்!”

“விதைச்சத உவர் திண்டிட்டு. தப்பினது உவருக்குப் பழகிட்டு. அதத்தான் நடுறன்.”

“வாக்குத் தந்தீங்க.”

“ஓம், தந்தன். கருகினா எண்டுதான் தந்தன். கண்ணத் திறந்து பாரு, இது கருகினதா?”

இன்ஷாபுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. “சுஜிந்தன், வண்டிய வயலுக்குள்ள இறக்கு!”

டிப்பர் உறுமியது. றுமானா ஓடவுமில்லை, கத்தவுமில்லை. நாற்றுக்கட்டோடு நேரே அதற்கு முன்னால் வந்து, சில்லு உருண்டு இறங்க வேண்டிய இடத்திலேயே ஒரு வரிசை நட்டாள். பயமாகத்தான் இருந்தது. கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

சுஜிந்தன் எஞ்சினை நிறுத்தினான். அவனும் வயல் செய்கிற வீட்டுப் பிள்ளை.

“இன்ஷாப் காக்கா, வெறும் நிலமெண்டுதான் வந்தன். நிக்கிற வேளாண்மைக்கு மேலால நான் வண்டி ஏத்த மாட்டன்” என்றவன், டிப்பரைப் பின்னுக்கு எடுத்தான்.

“வேற டிப்பர் பிடிப்பன்!” என்று இன்ஷாப் வரம்பில் நின்று கத்தினான்.

“பிடி. அது வாறதுக்குள்ள வயல் முழுக்க நட்டிருவன்” என்றாள் றுமானா. அவள் நிமிரவே இல்லை.