தேயிலை நடாத இடம்

இரண்டாவது நங்கூரமும் போய்விட்டது. செல்லசாமி கயிற்றை நேராக இழுத்துப் பார்த்தான், பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தான். படகை ஒரு சுற்றுச் சுற்றி எதிர்ப்பக்கமிருந்தும் இழுத்துப் பார்த்தான். அடியில் ஏதோ ஒன்று விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் இடுப்புக் கத்தியை எடுத்து ஆரூரனைப் பார்த்தான். ஆரூரன் தலையாட்டியதும் கயிற்றை அறுத்துவிட்டான்.

"உதுக்குள்ள என்னண்ணை கிடக்குது?" என்றான் ஆரூரன்.

"தேயிலைக் கட்டைங்க சார். அணை கட்டுறப்ப செடிய வெட்டுனாங்க, தூரைப் புடுங்கல. தண்ணிதானே வரப்போவுதுன்னு வுட்டுட்டாங்க."

அந்த நீர்த்தேக்கத்துக்கு அடியில் ஒரு தோட்டத்தின் பழைய டிவிசன் முழுதாகக் கிடந்தது. ஐம்பத்தைந்து வருஷத்துக்கு முந்திய, தொழிலாளர் குடியிருந்த லயங்கள், பாதை, தேயிலை மலைகள் எல்லாம் தண்ணீருக்குள். கரையில் மிஞ்சிய துரை பங்களா இப்போது வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஹோட்டல். ஹோட்டல்காரர்கள் திருகோணமலையிலிருந்து ஒரு பாய்மரப் படகை லொறியில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். விருந்தாளிகள் ராத்திரி படகிலேயே படுத்து, விடியும்போது மலையைப் பார்த்துக்கொண்டு எழும்ப வேண்டுமாம். படகோடு கூடவே வந்தவன்தான் ஆரூரன். யாழ்ப்பாணத்துப் பையன், திருகோணமலையில் ஏழெட்டு வருஷம் பாய்ப்படகு ஓட்டிப் பழகியவன். நங்கூரம் போட நல்ல இடம் ஒன்று கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போவது அவன் வேலை.

செல்லசாமியின் விஷயம் வேறு. ஐம்பது வயதாகிறது. ஹோட்டலில் புல் வெட்டி, வள்ளம் தள்ளி இரண்டு வருஷமாகக் கைக்காசு வேலை. மாதம் முடிந்தால் "வா" என்பார்கள், அல்லது "சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். சொல்லி அனுப்பாத மாதங்களில் அவன் விறகு பொறுக்கினான். இப்போது மேனேஜர், ஜனவரி விருந்தாளிகள் வருவதற்குள் இடம் அமைந்துவிட்டால் நியமனக் கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார். அமையாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே செல்லசாமிக்குத் தெரியும்.

"மூண்டு விசயம் பாக்கவேணும் அண்ணை," என்றான் ஆரூரன், மிச்சமிருந்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டே. "காத்து மறைவா இருக்கவேணும். ஆழம் அளவா இருக்கவேணும். அடியில கல்லும் கூடாது, கட்டையும் கூடாது. திருகோணமலையெண்டால் பட்டணத்துக்குக் கிட்டவே பத்து இடம் காட்டுவன். மணல், போட்டவுடன பிடிக்கும். இஞ்ச எல்லா இடமும் தேயிலை. கொஞ்சமாவது நடாமல் விட்ட இடம் இல்லையோ?"

செல்லசாமிக்குச் சிரிப்பு வந்தது. "கக்கூஸ் வாசல் வரைக்கும் நட்டவனுங்க சார் அவனுங்க."

ஆனாலும் ஒன்று இருந்தது, பெரட்டுக் களம். காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற இடத்தில் தேயிலை நட முடியாதே. அணைப்பக்கம் போகக் கூடாது, ஓடை வாயில் நீரோட்டம் அதிகம் என்று மற்ற இடங்கள் எல்லாம் கழிந்துபோனதால், மறுநாள் ஆரூரனை அங்கே கூட்டிப் போனான். கட்டை எதுவும் சிக்கவில்லை. ஆரூரன் சந்தோஷப்பட்டு, கொண்டுவந்த பாண் துண்டைப் பிய்த்து அவனுக்கும் கொடுத்தான். மூன்று மணிக்குக் கணவாய்ப் பக்கமிருந்து காற்று இறங்கியதும் படகு நங்கூரத்தை இழுத்துக்கொண்டு தன்பாட்டுக்குப் போக ஆரம்பித்தது. கயிற்றில் கட்டிய தராசுக் கல்லின் அடியில் மெழுகு பூசி இறக்கிப் பார்த்தான் ஆரூரன். மெழுகில் ஒரு பொட்டு மண் ஒட்டவில்லை.

"சீமெந்து மாதிரிக் கிடக்கு," என்றான்.

"காலங்காலமா ஆளுங்க நின்ன தரைங்க சார். இறுகிப் போயிருக்கும்."

வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொல்லி மேனேஜர் ஆள் அனுப்பினார். அன்று புதன். வியாழக்கிழமை காலையில் பனி விலகுகிற வரைக்கும் இரண்டு பேரும் படகில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஆரூரன் தொலைபேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். செல்லசாமி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொண்ணு இருக்குங்க சார்," என்றான் செல்லசாமி. சொன்ன பிறகு தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

மலைமுனைக்குப் பின்னால், காற்றே எட்டாத வளைவு அது. ஆரூரன் கல்லை இறக்கினான். மெழுகோடு கறுப்பாக, மெத்தென்ற மண் வந்தது. நங்கூரத்தைப் போட்டு எஞ்சினைப் போட்டுப் படகைப் பின்னுக்கு இழுத்தார்கள். கயிறு விறைத்து நின்றது. மூன்று மணிக் காற்றில் முனைக்கு அப்பால் அலை நுரைத்தது, இங்கே படகு மெல்லத் திரும்பியதோடு சரி.

"ஆரோ கையால அமத்திப் பிடிச்ச மாதிரி நிக்குது!" என்று செல்லசாமியின் தோளில் தட்டினான் ஆரூரன். "ஏனண்ணை இந்த மண் மட்டும் இவ்வளவு இளகிக் கிடக்கு?"

"வெட்டி வெட்டிப் போட்ட மண்ணுங்க சார்."

"மரக்கறித் தோட்டமோ?"

"ஆமாங்க சார்," என்றான் செல்லசாமி.

அது பழைய டிவிசனின் இடுகாடு. செல்லசாமி பிறப்பதற்கு எட்டு வருஷம் முன்னால், ஏழு மாதத்தில் செத்துப்போன அவன் அக்கா அங்கேதான் இருக்கிறாள். தண்ணீர் வற்றும் பங்குனியில் இடுகாட்டின் மேல்பாதி வெளியே வரும். ஆட்கள் போய்ப் பால் ஊற்றிவிட்டு வருவார்கள். அவன் அம்மா காளியாயி ஒரு வருஷமும் தவறியதில்லை. கீழ்ப்பாதி எந்தக் கோடையிலும் தண்ணீருக்குள்தான். நங்கூரம் கீழ்ப்பாதியில்தானே இருக்கிறது என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வருத்தமாக இருக்கும் என்று எதிர்பார்த்தான். வருத்தமும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. கை மட்டும் குளிரில் விறைத்திருந்தது.

ஆரூரன் அந்த இடத்தை வரைபடத்தில் மரக்கறித் தோட்டம் என்று குறித்துக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனான். நியமனக் கடிதம் வந்தது. வேலை, படகுத்துறைக் காவலாளி. நீலச் சட்டை, தொப்பி, ஒரு விசில். வெளியாட்கள் யாரையும் வேலிக்கு உள்ளே விடக் கூடாது என்று கடிதத்திலேயே எழுதியிருந்தது. கடிதத்தைக் காளியாயி சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்தாள்.

"எந்தப் பக்கம்டா வேலை?"

"முனைக்கு அந்தாண்டம்மா. வளைவுக்குள்ள."

அவள் அடுப்பில் கிடந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

பங்குனியில் தண்ணீர் இறங்கியது. மேல்பாதி வெளியே வந்தது, சேறு காய்ந்த மேடுகளும் தலைமாட்டுக் கற்களுமாக. படகு கீழ்ப்பாதியிலேயே ஆடாமல் நின்றது. மேல்பாதியும் உள்ளே அடங்கும்படி பாதையோரமாக ஹோட்டல்காரர்கள் கம்பிவேலி போட்டிருந்தார்கள். ஆட்கள் பால் ஊற்ற வருவதற்கு இரண்டு நாள் முன்னதாகவே செல்லசாமி மேனேஜரிடம் போய், அது இடுகாடு என்று சொல்லிப் பார்த்தான். அவர் கோபப்படவில்லை. நாற்காலியைக்கூடக் காட்டினார். மரக்கறித் தோட்டம் என்றுதானே நீயே சொன்னாய் என்று கேட்டார். விருந்தாளிகள் படகில் இருக்கிறார்கள், சீசன் முடிந்ததும் வரச் சொல் என்றார். சீசன் முடியும்போது மழை தொடங்கிவிடும், அந்த இடம் மறுபடி தண்ணீருக்குள் போய்விடும். செல்லசாமி சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினைந்து இருபது பேர் வந்தார்கள். முன்னால் காளியாயி, கையில் போத்தலில் பால். வேலியைப் பார்த்ததும் நின்றார்கள்.

"இவன் நம்ம செல்லசாமிதானே, தொறந்து வுடச் சொல்லு," என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

செல்லசாமி கேட்டின் முன்னால் நின்றான். கேட்டைத் திறக்கவில்லை. காளியாயி அவனுடைய சட்டையைப் பார்த்தாள், தொப்பியைப் பார்த்தாள். அவனை அதற்கு மேல் நிற்க வைக்க அவளுக்கு மனமில்லை.

"நாங்க எங்கன நிக்கணும், சொல்லுங்க," என்றாள்.

பெற்றவள் அவனை அப்படி மரியாதை போட்டுப் பேசியது அதுவே முதல் தடவை. அவன் கையை நீட்டிப் பாதையோரத்துச் சவுக்கு மரத்தைக் காட்டினான்.

எல்லோரும் அங்கே போய் வரிசையாக நின்றார்கள். காளியாயி வேலியோரம் குனிந்து கம்பிக்கு அடியில் பாலை ஊற்றினாள். அது சரிவில் ஒரு முழம் ஓடி, வறண்ட மண்ணில் சுவறிப்போனது. ஒருவர் கற்பூரம் ஏற்றினார். எல்லோரும் தண்ணீரின் பக்கம் பார்த்துக் கைகூப்பினார்கள்.

படகின் மேல்தட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பெண் எழுந்தாள். கோப்பையைக் கீழே வைத்தாள். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே கூப்பி, தலை குனிந்து, சிரித்த முகத்தோடு அவர்களுக்குப் பதில் வணக்கம் சொன்னாள்.