கடைமேல் விழுந்த பொட்டு

தேனி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய பூங்காச் சுவரில் அந்த ஃப்ளெக்ஸைக் கட்டிய நாளிலிருந்து ஸ்டான்லிக்குச் சோறு இறங்கவில்லை. அது கடைத்தெருவின் வரைபடம். எந்த இடத்தில் பெண்களுக்குத் தொந்தரவு நடக்கிறதோ அங்கே அவர்களே வந்து ஒரு புள்ளி ஒட்ட வேண்டும்; பேர் சொல்ல வேண்டாம். மாதக் கடைசியில் படம் நகராட்சிக்குப் போகும். ஏற்பாடு செய்த ஹேமாவதி, ஒரு கல்லூரியில் பாடம் நடத்துபவள். அவள் கொண்டுவந்த காகிதப் புள்ளிகள் முதல் நாள் மதியத்துக்குள் தீர்ந்துபோயின. வரிசையில் நின்ற பூக்காரி பஞ்சம்மாள் சும்மா திரும்புகிறவளா? நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை உரித்து ஒட்டிவிட்டுப் போனாள். பிறகு எல்லோரும் அதையே செய்தார்கள்.

ஒயின் ஷாப் சந்தில் பொட்டு விழுந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. ஸ்டான்லியின் ‘மகிமை ஃபேன்சி ஸ்டோர்’ மீதும் பதினேழு விழுந்தன.

இருபது வருடமாகப் பெண்களை நம்பி நடக்கிற கடை. கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. ஸ்டான்லி ஹேமாவதியிடம் போய், தன் தம்பி செல்வின் தங்கமானவன் என்றான். செல்வின் பெயரை அதுவரை யாரும் எடுக்கவே இல்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். வருகிற பெண்களின் கையைப் பிடித்து வளையல் போட்டுவிடுவது செல்வினின் வேலை.

“என் கடையில பொட்டு வாங்கி என் கடை மேலயே ஒட்டுறாளுக” என்று கத்திவிட்டு வந்த ஸ்டான்லி, மறுநாள் விடியுமுன் படத்தைக் கிழித்தெறிந்தான். பத்து மணிக்குப் புதுப் படம் தொங்கியது. மதியத்துக்குள் அவன் கடைமேல் இருபத்தாறு பொட்டு.

இந்த முறை எல்லோர் முன்னாலும் கிழிப்பது என்று, ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோலோடு ரோட்டைக் கடந்தான். பின்னாலேயே அவன் மனைவி ஜெபஷீலா வந்தாள். தடுக்க வருகிறாள் என்று நினைத்தான். அவள் கையில் பொட்டு அட்டை ஒன்று இருந்தது. சர்ச்சுக் குடும்பத்துப் பெண். கடையில் பதினொரு வருடம் பொட்டு விற்றதோடு சரி, ஒரு நாளும் வைத்ததில்லை. சிவப்பில் ஒன்றை உரித்தாள். கத்தரிக்கோலை ஒதுக்கிவிட்டு, தங்கள் கடைமேல் வைத்து அழுத்தினாள்.

“என்ன காரியம் பண்ற?”

“வாக்கப்பட்டு வந்த ஆறாம் மாசம், ஸ்டாக் ரூம்ல. ரெண்டு தரம் உங்ககிட்ட சொன்னேன். அவன் வெளாட்டுப் பயன்னு சொன்னீக.”

ஸ்டான்லிக்கு ஞாபகம் இருந்தது. டீயைக் குடித்துக்கொண்டே தான் சிரித்ததுகூட ஞாபகம் இருந்தது, அதுதான் கொடுமை. அந்த நிமிடம் அவளையும் வெறுத்தான், சுற்றி நின்றவர்களையும் வெறுத்தான்.

“இப்பக் கிழிங்க, மொதலாளி” என்றாள் பஞ்சம்மாள்.

அவன் கடைக்குத் திரும்பினான். கல்லூரிப் பெண் ஒருத்தியின் மணிக்கட்டு செல்வின் பிடியில் இருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பிடியை விடாமலே, கிழித்தாயிற்றா என்று செல்வின் கேட்டான்.

“ஏலே, கையை விட்டுட்டு எந்திரி.”

அண்ணன் விளையாடுகிறான் என்று நினைத்துச் செல்வின் சிரித்தான். ஸ்டான்லி கத்தரிக்கோலை மேஜையில் வைத்துவிட்டு அவன் சட்டைக் காலரைப் பிடித்தான்.