அசலில் குதிரை பேசவில்லை

இடது கன்னத்தை முடித்து வலது கன்னத்துக்கு வந்தபோது சவரக் கத்தி ஒரு மடிப்பில் சிக்கியது. பக்கவாதம் இழுத்துத் தொங்கவிட்ட தோல் அது. அவன் இரண்டு விரலால் அதைக் காதுப் பக்கமாக இழுத்துப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு மழித்தான். அப்பா கண்ணை மூடாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதாப்பா?"

பதில் வராது என்று தெரியும். மூன்று நாளாக அப்பாவுக்கு வலக்கை இல்லை, வலக்கால் இல்லை, பேச்சும் இல்லை. வாய் மட்டும் ஓரமாகத் திறந்து, அதிலிருந்து காற்று வந்து போய்க்கொண்டிருந்தது.

டிரிப்ஸ் பாட்டிலை மாற்ற வந்த நர்ஸ் சொன்னாள். "ரூம் ரொம்ப அமைதியா இருக்கே சார். இவருக்குக் காது நல்லாவே கேக்குது. பிடிச்சது ஏதாவது போட்டுவிடுங்க. என்ன பிடிக்கும் இவருக்கு?"

அவன் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறவள். தாத்தாவின் கால்மாட்டில் மூன்று நாளாகப் பழியாகக் கிடந்தவள்.

"கௌபாய் படம் சிஸ்டர். காமெடி கௌபாய் படம். ஒரு பயந்தாங்கொள்ளி ஷெரீப் வருவான், அவனுக்கு ஒரு குதிரை..."

"ஐயோ, அந்தப் பேசற குதிரையா! எங்க வீட்ல அது ஓடாத லீவு நாளே கிடையாது."

அவன் கத்தியைக் கிண்ணத்துத் தண்ணீரில் அலசினான். தேவைக்கு மேலேயே அலசினான்.

அந்தக் குதிரையின் குரல் கட்டிலில் படுத்திருந்தது. அந்த அறையில் அது தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

அப்பாவுக்குத் தண்ணீர் வாரியத்தில் வேலை. வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதுவார். விடுமுறை நாட்களில் ஒரு குரல்பதிவுக் கூடத்துக்குப் போவார். வெளிநாட்டுப் படங்களுக்கு நம் மொழியில் பேசுகிற இடம். ஆரம்பத்தில் கூட்டத்தில் ஒருவராக "அடிடா, விடாதே" என்று கத்துவார், இருமுவார், குறட்டை விடுவார். பிறகு அந்த ஷெரீப் படங்கள் வந்தன. மொத்தம் நான்கு. குதிரை கனைக்க வேண்டிய இடத்தில் கனைப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. ஷெரீப் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து குதிரைமேல் ஏறும் காட்சியில், கனைத்து முடித்த அப்பா சும்மா இராமல், "வீரன்னு சொன்னாங்க, நம்பி முதுகைக் கொடுத்தேன்" என்று முணுமுணுத்தார். ஒலிப்பதிவாளர் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தாராம். அந்த வரி அப்படியே படத்தில் நின்றது. அன்றிலிருந்து நான்கு படத்திலும் குதிரை பேசியது. அசலில் அது பேசவில்லை. வாயசைவே இல்லாத பேச்சு, மனசுக்குள் புலம்புகிற மாதிரி. எழுதிக் கொடுத்தவர் யாருமில்லை. மீட்டர் பார்க்கப் போகிற வழியில் அப்பாவே யோசித்து வைத்தவை.

ஊரே சிரித்தது. அதுதான் அவனுக்கு வினையாக வந்தது. வகுப்பில் அவன் பெயரைக் கூப்பிட்டதும் பின்வரிசை கனைக்கும். 'குட்டிக் குதிரை' என்று பெயர் வைத்தார்கள். வாத்தியாரும் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பார். ஒருமுறை பள்ளி விழாவுக்கு வந்த அப்பாவை மேடைக்கு இழுத்துப் போய்ப் பேசச் சொன்னார்கள். அவர் பேசினார். அரங்கம் உருண்டு புரண்டது. அவன் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, கைதட்டல் ஓயும்வரை சுவரைப் பார்த்து நின்றான். அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

கல்யாணம் நிச்சயமான வாரம் அப்பாவிடம் சொன்னான். பெண் வீடு பெரிய வீடு, மாமனார் நீதிபதி. "அந்தக் குதிரை விஷயம் அங்க வேண்டாம்ப்பா. தண்ணி ஆபீஸ்னு மட்டும் இருக்கட்டும்." அப்பா சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "சரிப்பா" என்றார். அவ்வளவுதான். கல்யாணத்தன்று ஒரு விருந்தாளி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், நீங்கதானே அந்தக் குதிரை?" என்று கேட்டதை அவன் நாலடி தூரத்தில் நின்று கேட்டான். "இல்லீங்க. நிறைய பேரு அப்படித்தான் கேக்கறாங்க. குரல் ஒத்துப்போகுது போல" என்று அப்பா சொன்னதையும் கேட்டான். அவர் குரலைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு சொன்னார்.

அம்மா போனபின் அப்பா அவன் வீட்டுக்கே வந்துவிட்டார். பத்து வருஷம். ஞாயிற்றுக்கிழமைகளில் பேத்தியும் அவரும் சோபாவில் கால் நீட்டிக்கொண்டு அந்தப் படங்களைப் பார்ப்பார்கள். அவன் மனைவியும் வந்து உட்காருவாள். ஷெரீப், "நான் முன்னாடி போறேன், நீ பின்னாடியே வா" என்பான். குதிரை, "ஏம்ப்பா, என் மேலதானே உக்காந்திருக்கே, நீ எப்படி முன்னாடி போவே?" என்று கேட்கும். மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். அப்பாவும் முதல் தடவை கேட்கிறவர் மாதிரி சிரிப்பார். அவன் விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவான். ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவன் தலைமையாசிரியர். அவன் நடந்தால் தாழ்வாரம் அடங்கும். ஏதாவது ஒரு வகுப்பிலிருந்து ஒரு கனைப்பு வந்துவிடுமோ என்று இன்றைக்கும் அவன் காது தேடும்.

இரண்டு வருஷத்துக்கு முன் மகள் எங்கிருந்தோ அசல் படத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். "அப்பா, அசல்ல அந்தக் குதிரை பேசவே இல்லப்பா! சும்மா கனைக்குது. நம்ம ஊர்ல யாரோ ஒருத்தர் தானாச் சேர்த்திருக்காங்க. யாரா இருக்கும் தாத்தா?"

"யாராவது வேலையத்த பயலா இருப்பான் கண்ணு" என்றார் அப்பா.

இப்போது, நர்ஸ் வெளியே போனதும், மகள் கைப்பேசியைத் தாத்தாவின் மார்பருகே தலையணையில் சாய்த்து வைத்தாள். முதல் படம். புழுதி, ஒற்றைத் தெரு, ஆடுகிற மதுக்கடைக் கதவு. குதிரையின் குரல் அறையில் எழுந்தது. நாற்பது வருஷத்துக்கு முந்தைய அப்பா. எச்சில் ஊறிய, சோம்பலான, எதற்கும் அசராத குரல். அவன் துண்டால் அப்பாவின் தாடையைத் துடைத்துக்கொண்டிருந்தான். துண்டுக்கு அடியில் தாடை அசைந்தது.

மகளும் பார்த்துவிட்டாள். "அப்பா! தாத்தா வாயைப் பாருங்க."

அசைகிற பாதி உதடு அசைந்தது. குதிரை பேசுவதற்கு ஒரு நொடி முன்னால் அசைந்தது. சரியான இடத்தில் நின்றது. மறுபடி அசைந்தது.

"எல்லாத்தையும் முன்னாடியே சொல்றாருப்பா. மூச்சு விடற இடம்கூட ஒண்ணா இருக்கு. எப்படிப்பா?"

அப்பாவின் கண் திரையை விட்டு அவன்மேல் வந்தது. சொல்லிவிடு என்கிறாரா, விட்டுவிடு என்கிறாரா, அவனுக்குப் புரியவில்லை. ஒரு வார்த்தை போதும். அறையில் இருப்பது மகள் ஒருத்திதான். மாமனார் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. அவனுக்கு நாற்பத்தெட்டு வயது.

"எத்தனை தடவை பார்த்திருக்காரு" என்றான். "மனப்பாடம் ஆகியிருக்கும்."

உதடு நின்றது. படம் ஓடிக்கொண்டிருந்தது, குதிரை பேசிக்கொண்டிருந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மகள், "தூங்கறாரு போல" என்று ஒலியைக் குறைத்தாள்.

பதினொன்றரைக்குப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. தேர்வு மேற்பார்வைக்கு ஒரு ஆசிரியர் குறைகிறார். ஜன்னலோரம் திரும்பி நின்று, யாரை எந்த அறைக்கு மாற்றுவது என்று சொல்லிக்கொண்டிருந்தான். "அப்பா" என்று மகள் கூப்பிட்டாள். ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டினான். இரண்டாவது தடவை அவள் கூப்பிட்ட விதத்தில் போனைக் காதிலிருந்து எடுத்தான்.

*

மறுநாள் காலைப் பத்திரிகையில் படத்துடன் நான்கு வரி வந்தது. தண்ணீர் வாரியத்தில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர், தலைமையாசிரியரின் தந்தை. அவனே எழுதிக் கொடுத்தது.

முன்னறையில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். வண்டி மூன்று மணிக்கு. மாமனார் கைத்தடியில் கை வைத்து நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பள்ளி ஆசிரியர்கள் வரிசையாக வந்து, அவன் கையைத் தொட்டு, சுவரோரம் போய் நின்றார்கள். "நல்ல மனுஷன். அதிர்ந்து பேசமாட்டார்" என்று யாரோ யாரிடமோ சொன்னார்கள்.

பதினோரு மணிவாக்கில் ஒரு வயதான அம்மாள் தனியாக வந்தாள். ஒல்லி உடம்பு, தடித்த கண்ணாடி, தோளில் துணிப்பை. அப்பாவின் முகத்தருகே குனிந்து நெடுநேரம் பார்த்தாள். நன்றாகச் சிரைத்திருந்த கன்னத்தைப் புறங்கையால் ஒருதரம் தொட்டாள்.

அவன் மனைவி பக்கத்தில் போய், "நீங்க...?" என்றாள்.

"இவர்கூட வேலை பார்த்தவம்மா. தண்ணி ஆபீஸ்ல. பேப்பர்ல போட்டோ பார்த்தேன்."

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் குரலை அவனுக்குத் தெரியும். அந்த ஷெரீப் படங்களில் மதுக்கடை நடத்துகிற விதவையின் குரல். ஷெரீப்பைத் துடைப்பத்தால் அடித்து விரட்டிவிட்டு, அவன் குதிரைக்கு மட்டும் தினமும் ஒரு வாளி தண்ணீர் வைப்பவள். முகம்தான் கிழடு தட்டியிருந்தது. குரலுக்கு ஒரு நாள்கூட வயதாகவில்லை.

மகளும் தலையைத் தூக்கினாள். "உங்க குரல் எங்கேயோ கேட்ட மாதிரியே இருக்கே."

"தண்ணி வரலைன்னு என்னைக்காவது போன் பண்ணியிருப்பே கண்ணு. நான்தான் எடுப்பேன்" என்றாள் அந்த அம்மாள், கண்ணிமைக்காமல். சுவரோரம் நின்ற ஒரு ஆசிரியர் லேசாகச் சிரித்தார். அவள் ஐந்து நிமிஷம்கூட இருக்கவில்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கினாள்.

அவன் செருப்புப் போடாமல் பின்னால் ஓடினான். தெருமுனை மருந்துக்கடைப் பக்கம் எட்டிப் பிடித்தான்.

"அம்மா, நில்லுங்க. நீங்க ஏன் அப்படிச் சொன்னீங்க?"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீதான் பையனா? வேற என்னப்பா சொல்றது? உங்கப்பா சொல்லி வச்சிருந்தாரு. உன் கல்யாணத்தப்பவே எங்க எல்லாருக்கும் சொல்லிட்டாரு. என்னைக்காவது வீட்டுக்கு வர்றதா இருந்தா தண்ணி ஆபீஸ்னு சொல்லுங்கன்னு. நல்லது கெட்டது எதுக்கும் நாங்க வந்ததில்லையே. எதுக்கு வம்புன்னுதான். இன்னைக்குத்தான் மனசு கேக்கல."

"கோபமா சொன்னாரா?"

"கோபமா? அந்த மனுஷனா?" அவள் பையை மறு தோளுக்கு மாற்றினாள். "நாங்கதான் கோபப்பட்டோம். பெத்த அப்பனைச் சொல்லிக்க என்னடா வெக்கம் அவனுக்குன்னு நான்கூடக் கத்தினேன். அதுக்கு அவரு, 'அப்படிச் சொல்லாதே. மேடையில நான் பேசினப்ப அவன் கக்கூஸ்ல போய் நின்னுட்டு இருந்தான். இறங்கித் தேடிப் போய்க் கதவுக்கு வெளியே நின்னு நான் கேட்டேன், அழுதுட்டு இருந்தான். அடிபட்ட இடம் அது. நாம ஏன் தொடணும்'னாரு."

மருந்துக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இவர்களைப் பார்த்தார். வெயில் தார்ச்சாலையில் இறங்கியிருந்தது. உள்ளங்கால் சுட்டது. அவன் காலை மாற்றி வைக்கவில்லை. கதவுக்கு வெளியே அப்பா நின்றது அவனுக்கு முப்பத்தாறு வருஷமாகத் தெரியாது.

"உள்ள வாங்கம்மா."

"வேண்டாம்ப்பா. அவருக்குக் கொடுத்த வாக்கு. போற நேரத்துல நான் ஏன் கெடுக்கணும்?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். வந்து உக்காருங்க. நான் சொல்லிக்கிறேன்."

அவள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவளுக்கு நடக்க அந்தப் பிடி தேவைப்பட்டது. அவ்வளவுதான், அதில் வேறொன்றும் இல்லை.

முன்னறையில் பேச்சு அடங்கியது. மாமனார் நிமிர்ந்து பார்த்தார். அவன் மகளுக்கு முன்னால் போய் நின்றான். 

"இவங்க தண்ணி ஆபீஸ் இல்ல கண்ணு. அந்தப் படத்துல மதுக்கடைக்கார அம்மாவுக்குப் பேசினவங்க." சுவரோரம் இருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னான். "குதிரைக்குப் பேசினது தாத்தா."

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். மனைவி, "என்னங்க சொல்றீங்க?" என்றாள். மகள் தாத்தாவைப் பார்த்தாள். அவர் வாயைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நேத்து... நான் கேட்டப்பவும்?"

அவன் தலையசைத்தான்.

அவள் அவனைச் சுற்றிக்கொண்டு போய் அந்த அம்மாளின் கையைப் பிடித்தாள். "வாங்க. இங்க வந்து உக்காருங்க" என்று தாத்தாவின் தலைமாட்டுக்கு அழைத்துப் போனாள்.

அங்கே நாற்காலி இல்லை. அவன் பின்னறையிலிருந்து ஒன்றைத் தூக்கிவந்து போட்டான். அந்த அம்மாள் உட்கார்ந்ததும் அது ஒரு பக்கம் சாய்ந்து ஆடியது. ஒரு கால் குட்டை. அவன் கைக்குட்டையை எடுத்து நாலாக மடித்து, தரையில் மண்டியிட்டுக் குனிந்து, அந்தக் காலுக்கு அடியில் செருகினான். மேலே மகள் ஏதோ மெதுவாகக் கேட்க, அந்த அம்மாள் மெதுவாகப் பதில் சொன்னாள். மகள் அவனுக்கு இடம்விட்டுத் தன் பாதங்களை உள்ளே இழுத்துக்கொண்டாள். குனிந்து பார்க்கவில்லை. அவன் நாற்காலியை அழுத்திப் பார்த்தான். ஆட்டம் நின்றுவிட்டிருந்தது. அவன் கையை எடுக்காமல் அங்கேயே இருந்தான்.