லிப்ட்காரர் படிக்காத நாவல்

லிப்ட்காரர் ஒரு பொய்யைச் சொல்லித்தான் கல்யாணம் பண்ணிக்கொண்டார். பெரிய பொய் ஒன்றுமில்லை. இல்லாத வேலையை இருக்கிறது என்றாரா, இருக்கிற பெண்டாட்டியை இல்லை என்றாரா, அந்த மாதிரியெல்லாம் கிடையாது. ஒரு நாவலைப் படித்திருக்கிறேன் என்றார். படிக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அப்போது அவருக்கு இருபத்தொன்பது வயது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிப்டுகளைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக். ஒருநாள் மத்தியானம் லிப்ட் ஒன்று மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரே ஒரு ஆள், எக்ஸ்ரே பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த பெண். இவர் மொட்டைமாடியில் இருந்த மெஷின் ரூமுக்கு ஓடி, பிரேக்கைத் தளர்த்தி, மோட்டார்ச் சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி லிப்டை மேலே கொண்டுவந்து, வேர்க்க விறுவிறுக்க இறங்கிப் போய்க் கதவைத் திறந்தால், அந்தப் பெண் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு தடிமனான புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள். பயம் பேருக்குக்கூட இல்லை. இந்த அத்தியாயம் இன்னும் ஒரு பக்கம்தான், முடித்துவிட்டு வருகிறேனே என்று வேறு கேட்டாள். மனிதர் அங்கேயே கவிழ்ந்துவிட்டார்.

சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? அட்டையைப் பார்த்தார். படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் பெயர் தெரிந்த நாவல். நானும் படித்திருக்கிறேன், பிரமாதமான கதை என்று எடுத்துவிட்டார். அவள் முதல் தடவையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். எட்டாவது மாதம் கல்யாணம்.

இருபத்தாறு வருஷம் அந்தப் பொய்யை எப்படி ஓட்டினார் என்று கேட்டால், தலையை ஆட்டித்தான் ஓட்டினார். ஒரு கப்பல் கேப்டன், ஒரு வைத்தியர் மகள், இருவரும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள் என்கிற அளவுக்குக் கதை காற்றுவாக்கில் வந்து சேர்ந்திருந்தது. மனைவி வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு பாகத்தையும் எடுத்துப் படிப்பாள். எப்போதாவது, "அந்த நாவல்ல ஒரு இடம் வருமே" என்று ஆரம்பிப்பாள். இவர் "ஆகா, அதை மறக்க முடியுமா" என்பார். படித்தே தொலைத்துவிடுவோம் என்று புத்தகத்தை இரண்டு மூன்று தடவை கையில் எடுத்தும் பார்த்தார். நாலாம் பக்கத்தில் கடலை வர்ணிக்கத் தொடங்குகிறார் ஆசிரியர். அலை ஓய்வதற்குள் லிப்ட்காரர் குறட்டை விட்டுவிடுவார்.

அந்த நாவல் சினிமாவாக வரப்போகிறது என்று செய்தி வந்தபோது ஊரே குதித்தது. பஸ்ஸின் முதுகில் படம், டீக்கடைச் சுவரில் படம். எக்ஸ்ரே பிரிவில் வேலையை விட்டுவிட்டு, கேப்டனாக நடிக்கும் நடிகரின் மூக்கு அந்த வேஷத்துக்கு எடுபடுமா என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் மகள், முதல் சனிக்கிழமை மத்தியானக் காட்சிக்கு மூன்று டிக்கெட் எடுத்தாயிற்று, ஆறு வாரம் இருக்கிறது, நான் வந்துவிடுவேன் என்று போன் செய்தாள்.

குதிக்க வேண்டியவள் மட்டும் குதிக்கவில்லை. இதையெல்லாம் எதற்குப் படமாக எடுக்கிறார்கள், புத்தகமாக இருந்தால் போதாதா என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள் மனைவி. புத்தகப் பைத்தியங்களுக்கு இப்படி ஒரு வீம்பு இருக்கும் என்று லிப்ட்காரர் நினைத்துக்கொண்டார். அவருக்கு அவர் கவலை. மூன்று மணி நேரம் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும். திரையில் எவனாவது செத்துவிழும்போது இவர் "ஐயோ" என்று வாயைப் பிளந்தால் தீர்ந்தது கதை. இருபத்தாறு வருஷக் குட்டு முதல் வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி உடையும். பெற்ற மகள் வேறு பக்கத்தில் இருப்பாள்.

வேறு வழியில்லை, படித்துவிடுவது என்று முடிவுசெய்தார். வீட்டில் படிக்க முடியாது. எந்த இடம் வந்திருக்கிறது என்று அவள் வந்து கேட்டால் மாட்டிக்கொள்வார். கடையில் புதுப் பதிப்பு வாங்கினார், அட்டையில் அதே நடிகர், அதே மூக்கு. லிப்ட் கம்பெனிக்காரன் கொடுத்த பராமரிப்புக் கையேட்டின் அட்டையைக் கழற்றி இதற்குப் போட்டார். ஆஸ்பத்திரியில் அவரைத் தவிர யாரும் எட்டிப் பார்க்காத இடம் மெஷின் ரூம். ஒரு ஸ்டூலைப் போட்டு, கன்ட்ரோல் பெட்டியில் சாய்ந்துகொண்டு, மோட்டார் ஓடுகிற சத்தத்தில் தினம் இருபது பக்கம்.

ஆச்சரியம் என்னவென்றால் இந்தத் தடவை தூக்கம் வரவில்லை. பயம் இருந்தால் கடல்கூட சுவாரசியமாகத்தான் இருக்கும் போலிருக்கிறது. ஒரு வாரத்தில் கதை அவரை இழுத்துக்கொண்டு போனது. இன்னொரு காரணமும் இருந்தது. மனைவி வாயால் கேட்ட இடங்கள் எல்லாம் எப்போது வரும் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தார்.

முக்கியமாக மூன்று இடம். முதலாவது டீ. கல்யாணமான முதல் மாதத்தில் அவள் சொன்னது. வைத்தியர் மகள் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது, சமையல் என்ன ஆச்சு என்று கேப்டன் கேட்கமாட்டான், அவனே டீ போட்டு வைத்திருப்பான், எவ்வளவு நல்ல இடம் என்றாள். இவருக்குச் சுருக்கென்றது. அடுத்த நாளிலிருந்து சாயங்கால டீ இவர் கை டீதான். இரண்டாவது, அக்கா. இவருடைய அக்கா வரும்போதெல்லாம் தம்பி பெண்டாட்டியை ஏதாவது குத்திக்கொண்டே இருப்பார். அந்தச் சமயத்தில் ஒருநாள், கேப்டன் தன் சொந்த அக்காவிடமே, என் பெண்டாட்டியைச் சொல்வதை என்னிடம் சொல்லு என்று நேருக்கு நேர் சொல்லும் இடத்தைப் பற்றி மனைவி பேசினாள். அடுத்த தடவை அக்கா வாயைத் திறந்தபோது லிப்ட்காரர் அதே வசனத்தைச் சொன்னார்.

மூன்றாவதைப் பற்றி இருவரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. மகளுக்கு அடுத்து உண்டான குழந்தை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போய்விட்டது. அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். இவருக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை, வேலை இருக்கிறது என்று மெஷின் ரூமில் போய் ஒளிந்துகொண்டார். நாலாம் நாள் காலை இவர் செருப்பை மாட்டும்போது அவள் திரும்பாமலே பேசினாள். "அந்த நாவல்ல, குழந்தை போன அப்புறம், அவன் எதுவும் பேசாம மூணு நாள் அவ பக்கத்துலேயே உட்கார்ந்திருப்பானே." இவர் செருப்பைக் கழற்றினார். மூன்று நாள் லீவு சொல்லிவிட்டு, கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அந்த மூன்று நாள்தான் தங்களைக் காப்பாற்றியது என்பது அவருடைய எண்ணம். அந்த ஆசிரியரை மனதுக்குள் எத்தனையோ தடவை கும்பிட்டிருக்கிறார்.

முதல் பாகம் முடிந்தது. டீ வரவில்லை. கேப்டன் வைத்தியர் வீட்டுக்கு வருவதே ஆண்டுக்கு ஒருமுறை, வந்தாலும் அதைக் கொண்டா இதைக் கொண்டா என்று அதிகாரம். சரி, கல்யாணத்துக்கு அப்புறம் திருந்துவான் போலிருக்கிறது, இரண்டாம் பாகத்தில் வரும் என்று இருந்தார். இரண்டாம் பாகத்தில் கேப்டனுக்கு அக்கா இல்லை என்பது தெரியவந்தது. அக்கா என்ன, ஒன்றுவிட்ட உறவுகூடக் கிடையாது, ஆள் அனாதை. நூறு பக்கம் போனால் குழந்தையும் இல்லை. உண்டாகவே இல்லை.

புதுப் பதிப்பில் சுருக்கிவிட்டார்களோ என்று சந்தேகம். மனைவிக்குப் பகல் டியூட்டி இருந்த நாளாகப் பார்த்து லீவு போட்டு, வீட்டிலிருந்த பழைய பிரதியை எடுத்து ஒத்துப் பார்த்தார். வரிக்கு வரி அதேதான். எழுத்துதான் கொஞ்சம் பெரிது.

கடைசி அத்தியாயத்தை மெஷின் ரூமில் படித்தார். கேப்டன் கப்பல் ஏறுகிறான். கரையில் அவள் நிற்கிறாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முற்றும். அப்போதுதான் லிப்ட்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணத்துக்கு முன்னால் பேசிப் பழகிய நாளில் ஒருமுறை, கடைசியில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்தது மனதுக்கு நிறைவாக இருந்தது என்று இவர் அளந்திருந்தார். எல்லாக் கதையும் அப்படித்தானே முடியும் என்கிற தைரியம். அவள் தலையைக் குனிந்து சிரித்தாள். வெட்கம் என்று நினைத்தார், மடையர்.

ஆக, அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் கழுத்தை நீட்டியிருக்கிறாள். முதலில் கோபம் வந்தது. இத்தனை வருஷமாக எனக்குக் காது குத்தியிருக்கிறாளே என்று ஸ்டூலை உதைத்துத் தள்ளினார். யார் யாருக்குக் குத்தியது என்று யோசித்ததும் கோபத்துக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று. அவள் வளர்ந்த வீடு அவருக்குத் தெரியும். ஒரு பென்சில் வேண்டும் என்று கேட்டாலும் அவள் அப்பா ஒரு மணி நேரம் கத்துவார். எது வேண்டும் என்றாலும் வாயைத் திறந்து கேட்டுப் பழக்கமில்லாத பெண், அந்த நாவலைப் படிக்காத புருஷன் ஒருவன் கிடைத்ததும் கேட்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். அந்த மூன்று நாளை அவளே எழுதியிருக்கிறாள், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு. லிப்ட்காரருக்கு அழுகை வந்தது. இரண்டாம் மாடியில் லிப்ட் நிற்கிறது என்று போன் வந்ததால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

சனிக்கிழமை நெருங்க நெருங்க மனைவி சரியாகச் சாப்பிடவில்லை. தலைவலி, நீங்கள் இரண்டு பேரும் போய்வாருங்கள் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். மகள் விடவில்லை. சனிக்கிழமை காலை மகள் குளிக்கப் போயிருந்த நேரம், மனைவி புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். லிப்ட்காரர் வந்து கதவோரம் நின்றார்.

"படத்துல சில இடம் வராது" என்றார்.

"எந்த இடம்?"

"டீ போடுற இடம். அக்காகிட்ட பேசுற இடம். அப்புறம் அந்த மூணு நாள்."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஸ்விட்சை அணைத்தாள்.

"படிச்சிட்டீங்களா?"

"ரெண்டு பாகமும்."

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பொய் சொன்னது தப்புதான் என்று இவர் ஆரம்பித்தார். அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. லிப்ட் கதவைத் திறந்து முகமெல்லாம் வேர்வையாக நின்ற ஆள் ஒரு புத்தகத்தைப் படித்தானா இல்லையா என்பதா முக்கியம் என்று கேட்டாள்.

"அந்தக் கேப்டனை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது" என்றாள். "வருஷா வருஷம் படிக்கிறேன், ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பானான்னு. பார்க்கவே மாட்டேங்கிறான்."

லிப்ட்காரர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை, கண் கலங்கிவிட்டது.

"இப்ப நீங்க படிச்சிட்டீங்க. இனிமே எனக்கு ஏதாவது வேணும்னா நான் எப்படிக் கேட்கிறது?"

இத்தனை நாளும் இவளைத் தின்றுகொண்டிருந்தது இதுதான் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் தன் பொய் உடைந்துவிடும் என்று ஓடிக்கொண்டிருக்க, அவள் தன் வாய் அடைபட்டுவிடும் என்று பயந்துகொண்டிருந்திருக்கிறாள்.

"நேராக் கேளு" என்றார். "கேட்டுத்தான் பாரேன்."

அவள் புடவை முனையை மடித்தாள், பிரித்தாள். அந்த நாவலில் கடைசியாக ஒரு இடம் என்று பழக்க தோஷத்தில் தொடங்கி, நிறுத்திக்கொண்டாள். ஐம்பது வயதில் முதல் தடவையாக வாயைத் திறந்து கேட்பது லேசா? காதுமடல் சிவந்துவிட்டது.

"சர்க்கரை வந்ததுல இருந்து நீங்க தியேட்டர்ல அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து போறீங்க. அந்தக் கடைசி சீன்ல மட்டும் போகக் கூடாது. என் பக்கத்துலேயே இருக்கணும்."

"இவ்வளவுதானா?"

"இப்போதைக்கு இவ்வளவுதான்."

படம் ஒன்றும் மோசமில்லை, மூக்கும் எடுபட்டது. லிப்ட்காரர் இடைவேளைக்கு முன்னால் ஒரு தடவை, இடைவேளையில் ஒரு தடவை முன்ஜாக்கிரதையாகப் போய்விட்டு வந்தார். ஆனால் ஏசி குளிர் சும்மா விடுமா? படம் முடிய அரை மணி நேரம் இருக்கும்போது வந்துவிட்டது. திரையிலோ துறைமுகம். புத்தகத்தில் ஒன்றரைப் பக்கத்தில் முடிகிற இடத்தை டைரக்டர் இழு இழு என்று இழுத்திருந்தார். மழை கொட்டுகிறது, அலை அடிக்கிறது, எங்கே பார்த்தாலும் தண்ணீர். லிப்ட்காரர் காலைப் பின்னிக்கொண்டு பல்லைக் கடித்தார். அவர் நெளிவதைப் பார்த்த மகள், போய்விட்டுத்தான் வாருங்களேன் அப்பா என்று கிசுகிசுத்தாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார். கேப்டன் ஏணியில் ஏறினான். மனைவி கையை நீட்டி இவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கேப்டன் திரும்பிப் பார்க்கவில்லை.

பெயர்கள் ஓடின, விளக்கைப் போட்டார்கள், ஜனங்கள் எழுந்து நகர்ந்தார்கள். அவள் பிடியைத் தளர்த்தவில்லை, அவரும் அசையவில்லை. திரை முழுக்க வெள்ளையான பிறகு அவர் பக்கம் திரும்பி, "போயிட்டு வாங்க" என்றாள். லிப்ட்காரர் ஓட்டமாக ஓடினார்.