தொட்டிலோடு போன காடு

1983ஆம் வருஷம் ஆடி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, வளவனூருக்குக் கிழக்கே இருந்த ஐயனார் காடு எழுந்து நடந்து இரும்பை கிராமத்துக்குப் போய்விட்டது. மொத்தம் அறுபத்து மூன்று மரங்கள், கொடிகள் தனி. ரோட்டைக் கடக்கும்போது புதுச்சேரி பஸ் நின்று வழிவிட்டது. கண்டக்டர் விசில் கொடுக்க மறந்ததில் பதினொரு நிமிஷம் தாமதம். வேறு சேதம் இல்லை.

காரணம் கோதண்டபாணிக்குத் தெரியும். காட்டை ஒட்டிய கரும்புக் கொல்லை அவருடையது. காட்டில் ஒரு சுள்ளிகூட ஒடிக்கக்கூடாது, செருப்புக் காலோடு நெருங்கக்கூடாது என்பது ஊர்க்கட்டு. அவர் கட்டு மீறாதவர். அதனால் முந்தின வாரம் முதல்முறையாகக் களைக்கொல்லி அடித்தபோது, செருப்பை வரப்பில் கழற்றி வைத்து, காட்டைப் பார்த்துக் கும்பிட்டு, இரண்டு கஜம் தள்ளியே பம்பை நிறுத்தினார். ஆடிக்காற்றுக்கு ஊர்க்கட்டு தெரியாது. மருந்துச் சாரல் காட்டுக்குள் போய், வீரை மர இலையெல்லாம் காது திருகப்பட்ட பிள்ளைபோல முறுக்கிக்கொண்டது. போகிற போக்கில் சின்னபொண்ணுவின் குத்தகைக் கொல்லையில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் செடியும் சுருண்டது. அவள் கண் மூன்று மாதம் சிவந்தே கிடந்தது. மருந்து வந்ததால் அவர் கொல்லையில் அவள் பார்த்த களையெடுக்கும் வேலையும் போயிருந்தது.

“செருப்பக் கழட்டி வெச்சிட்டா மருந்து அடிச்சீங்க?” என்று கேட்டாள். “ஐயனாரு அப்பிடியே குளுந்து பூட்டிருப்பாருண்ணே.”

கோதண்டபாணியின் மனைவி கிருஷ்ணவேணி மரங்களை எண்ணவில்லை. பெரிய வீரை மரத்தில், பிள்ளை வேண்டி, ஏழு வருஷம் முன்பு அவள் கட்டிய மஞ்சள்துணித் தொட்டிலும் காட்டோடு போய்விட்டது.

வெள்ளிக்கிழமைதோறும் பஸ் ஏறி இரும்பைக்குப் போனாள். காடு ஒரு செம்மண் மேட்டில் நின்றது. அவள் பத்தடி வைத்தால் அது பத்தடி பின்வாங்கும். தூரத்தில் தொட்டில் மட்டும் மஞ்சளாக ஆடும். பார்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் திரும்புவாள். இப்படி ஒரு வருஷம்.

சின்னபொண்ணுதான் கண்டுபிடித்தாள். “அண்ணன் சட்டையும் உம் பொடவையும் ஒண்ணாத்தான தொவைக்கிற? மருந்து வாட அடிக்குதுக்கா. மரம் பயந்துக்கினு ஓடாம என்னா பண்ணும்?”

மறுநாளே கோதண்டபாணி பம்பைப் பரணில் ஏற்றினார். களைக்கொத்தோடு பெண்கள் திரும்பி வந்தார்கள். “உங்களுக்காவ வரல, அக்காவுக்காவ வரேன்” என்று சின்னபொண்ணு முதலில் இறங்கினாள்.

வாடை போக நான்கு வருஷம் பிடித்தது. எண்பத்தைந்தில் காடு எட்டடி பின்வாங்கியது, அடுத்த வருஷம் மூன்றடி. எண்பத்தேழில் நடுங்கிக்கொண்டு நின்றது. எண்பத்தெட்டு தை மாதம் கிருஷ்ணவேணி ஓர் இலையைத் தொட்டாள். அதற்குள் அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. பிள்ளையைப் பற்றி யாரும் கேட்பதை விட்டிருந்தார்கள். கட்டிய தொட்டிலை அவிழ்ப்பது வழக்கமில்லை. “வூட்டுக்கு வாயேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, தொட்டில் கட்டிய அந்த ஒரு மரம் மட்டும் வந்தது. பழைய இடத்தில் நிற்கவில்லை. கரும்பிலிருந்து ஐம்பது கஜம் தள்ளி நின்றது. மற்ற அறுபத்திரண்டும் இன்றுவரை இரும்பையில்தான். தொட்டில் துணி கீழே கனத்துத் தொங்கியது, காற்றில்லாதபோதும் ஆடியது. உள்ளே யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

களை எடுக்கிற பெண்கள் அந்தப் பக்கம் வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

“தூங்கிடுச்சாக்கா?” என்பாள் சின்னபொண்ணு.

“இப்பத்தான்” என்பாள் கிருஷ்ணவேணி.