வெண்வளையக் கண்ணுடைய சாம்பற்குருவி

பகாவ் நகர்க்கு வடபால் எழுந்த மலைத்தொடரின்மேல் வைகறைப் பனி இன்னும் கலையாதிருக்க, அடிவாரத்து இரப்பர்க்காடு பால்வெட்டுவாரின்றி ஈரம் சொட்டி நிற்க, சப்பானியர் ஆட்சியில் அரிசியை மறந்துபோன குடிசைகளில் மரவள்ளிக்கிழங்கு வேகும் புகை எழுந்துகொண்டிருந்த வேளையில், வள்ளிநாயகி என்பாள் தன் கணவன் இராசமாணிக்கத்தின் உயிரை ஒரு குருவியின் தொண்டையில் வைத்து மலையேறினாள்.

சயாமுக்குத் தொடர்வண்டிப் பாதை இடப் போனவருள் ஒருவரும் திரும்பாத காலம் அது, நல்லீர்! அவன் பெயரையும் அழைத்துவிட்டார்கள். மலைக்காட்டுச் சாம்பற்குருவியின் பாட்டில் மயங்கிய சப்பானியத் தலைவனோ, அதனைப் பிடித்துவந்து தன் முன்னே பாடச் செய்தால் இராசமாணிக்கத்தை விட்டுவிடுவதாகத் தோட்டக் கணக்கெழுதும் கிராணி வாயிலாகச் சொல்லியனுப்பினான். அக்குருவி மைனாவினும் சிறியது. உடல் முழுதும் அடுப்புச் சாம்பலின் நிறம். கண்ணைச் சுற்றிச் சுண்ணாம்பால் வரைந்தாற்போல் ஒரு வெண்வளையம். பறக்கையில் வாலின் இருபுறமும் வெள்ளை தெரியும். மலையோரத்தில் பால்வெட்டிய நாளிலேயே இவற்றைக் கண்டிருந்த வள்ளிநாயகி, இரப்பர்ப்பாலை எண்ணெயிட்டுக் காய்ச்சிய பிசினைக் கிளையில் தடவிக் காத்திருந்து, பாட்டெழுந்த மரத்திலேயே ஒன்றைப் பிடித்து, அடையாளங்களை ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்து, மகிழ்ச்சி தாளாமல் அழுதாள்.

ஐயோ, பேதைப் பெண்ணே! சேவலும் பெட்டையும் ஒரே நிறமென்பதையும், பாடுவது சேவல் மட்டுமே என்பதையும் அவள் அறிந்திலள். வெட்டுக்கிளி பிடித்து ஊட்டினாள், சீட்டியடித்துக் காட்டினாள், கைகூப்பிக் கெஞ்சியும் பார்த்தாள். கூண்டுக்குருவி வாய் திறக்கவில்லை. ஆளேற்றும் லோரி வந்து நின்ற காலையில், தலைவன் கூண்டருகே குனிந்து சற்றே செவிகொடுத்துவிட்டு, சினமும் கொள்ளாமல், இராசமாணிக்கத்திற்கு லோரியைக் கைகாட்டினான்.

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க, கிராணி ஐயா. மலையில நல்லாத்தான் பாடிச்சு" என்றாள் அவள்.

லோரியின்மேல் நின்ற கணவன் சொன்னான்: "கெஞ்சாத புள்ள. அதையும் அடிச்சிப்புடாத. மேல கொண்டுபோய் விட்டுடு."

அன்றைப் பகலிலேயே அவள் கூண்டோடு மலையேறினாள். அதே மரத்தில் மற்றொரு சாம்பற்குருவி தொண்டை விம்மப் பாடிக்கொண்டிருக்க, கூண்டிலிருந்தது துடித்தெழுந்தது. அப்போதுதான் அவளுக்கு விளங்கிற்று. "பெட்டையப் புடிச்சிட்டேனே" என்று தலையிலடித்துக்கொண்டு கதவைத் திறந்தாள். வெளிவந்த குருவி பறக்க எழுந்து விழுந்தது. அவள் காய்ச்சிய பிசின் சிறகில் இறுகிக் கிடந்தது. கணவனுக்காக அழவும் பொழுதின்றி, அதனை மடியிலிட்டு, எச்சில் தொட்டு, இறகிறகாகப் பிரித்தெடுத்தாள். வெயில் தாழ்ந்த வேளையில் அது தத்தித் தத்திக் கிளையேறிச் சேவலின் அருகே போய் அமர்ந்தது.

கண்ணுக்குத் தெரிந்ததைக்கொண்டே முழுதும் அறிந்துவிட்டதாக மயங்குவது மாந்தர் இயல்பு. அதற்குரிய தண்டம் எல்லார்க்கும் ஒரே அளவாய் வருவதில்லை. சேவலுக்கு அதன் துணை அன்று மாலையே திரும்பிற்று. சப்பானியர் போனபின்னும் வள்ளிநாயகி அம்மலையடியிலேயே பால்வெட்டிக் காத்திருந்தாள். சயாமிலிருந்து அவளுக்கு ஒரு சொல்லும் வரவில்லை.